ஃபயர்ஃபைட்டர் ஒன்று போதுமா, இரண்டும் வேண்டுமா?

நியூஜெர்சியில் நம் ஆட்கள் யாராவது ஊர் வாலண்டியர் ஃபயர் டிபார்ட்மென்ட்டில் சேர்ந்தால், கொஞ்ச நாளிலேயே என்னிடம் வரும் கேள்வி இதுதான்: "அண்ணா, ஃபயர்ஃபைட்டர் ஒன்று போதுமா, இரண்டையும் சேர்த்தே முடித்துவிடட்டுமா?" ஃபயர்ஃபைட்டர் ஒன்று, ஃபயர்ஃபைட்டர் இரண்டு என்பவை தீயணைப்பு வீரருக்கான சான்றிதழின் இரண்டு படிகள். பகலில் சாஃப்ட்வேர் டெஸ்டிங், இரவில் தீ அழைப்புக்கான பேஜர் என்று ஓடும் எனக்கு இரண்டு சான்றிதழும் உண்டு. என் பதில்: ஒன்றை உடனே எடுங்கள். இரண்டாவதை, நாலு நிஜத் தீயைப் பார்த்த பிறகு எடுங்கள்.

அமெரிக்காவில் இந்த இரண்டு படிகளையும் வகுத்தது என்எஃப்பிஏ என்ற தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 1001 என்ற தரம். 2024 பதிப்பில் அதை 1010 என்ற பெரிய தரத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். ஸ்டேஷனில் இன்னும் பழைய எண்ணைத்தான் சொல்கிறோம். அது சட்டம் கிடையாது, எது கட்டாயம் என்பதை ஒவ்வொரு மாநிலமும் முடிவு செய்யும். நியூஜெர்சியில் முதல் படி கட்டாயம், இரண்டாவது விருப்பம். ஆற்றைத் தாண்டிப் பென்சில்வேனியா போனால் வாலண்டியருக்கு மாநிலக் கட்டாயமே இல்லை, அந்தந்த டிபார்ட்மென்ட் வைத்ததுதான் விதி.

இரண்டாவது படி என்றால் இன்னும் பெரிய தீ, இன்னும் உயரமான ஏணி என்று பலர் நினைக்கிறார்கள். உடம்பை முறிக்கும் வேலை முக்கால்வாசி முதல் படியிலேயே முடிந்துவிடுகிறது. வித்தியாசம் மேற்பார்வையில் இருக்கிறது. முதல் படிக்காரர் நேரடி மேற்பார்வையில் வேலை செய்பவர்: ஆஃபீசர் பக்கத்தில் இருப்பார், சொன்னதைச் சரியாகச் செய்ய வேண்டும். இரண்டாவது படிக்காரரிடம் "அந்த மாடி அறையைப் பார்த்துக்கொள்" என்று ஒரு வேலையைக் கொடுத்து அனுப்பிவிடலாம். அவர் கூட ஒருவரை அழைத்துப் போய், நிலைமையை ரேடியோவில் சொல்லி, முடித்துவிட்டு வருவார்.

சரி, முதல் படியில் என்ன கேட்பார்கள்? உடுப்பை ஒரு நிமிடத்துக்குள் போட வேண்டும். மூச்சுக் கருவியை, அதாவது எஸ்சிபிஏ-வை, இன்னொரு நிமிடத்துக்குள் மாட்ட வேண்டும். ஏணியை 75 டிகிரிச் சாய்வில் நிறுத்துவது, தண்ணீர் ஏறிய ஹோஸை வளைவுகளில் இழுத்துப் போவது, ஹாலிகன் கம்பியும் கோடரியும் வைத்துக் கதவைப் பெயர்ப்பது, முகமூடிக் கண்ணாடியை மறைத்துக்கொண்டு சுவரைத் தடவித் தடவி ஆள் தேடுவது, புகையை வெளியேற்றுவது, முடிச்சுகள் எல்லாம் இதில் வரும். கடைசியில் கான்கிரீட் கட்டடத்துக்குள் மரப் பலகையும் வைக்கோலும் எரித்து நிஜத் தீயில் இறக்குவார்கள். இவற்றோடு அபாயப் பொருட்கள் பற்றிய ஹாஸ்மேட் பாடமும் உண்டு.

முகமூடி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம்மவர்கள் முதலில் தடுமாறுவது அங்கேதான். முகமூடியின் ரப்பர் விளிம்பு தோலில் ஒட்டும் இடத்தில் முடி இருக்கக் கூடாது என்பது அமெரிக்க வேலையிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி. தாடியை எடுத்தே ஆக வேண்டும். மீசை விளிம்புக்கு உள்ளே அடங்கினால் பிழைத்தது. மூக்குக்கண்ணாடியின் காதுக் கம்பியும் காற்றைக் கசியவிடும் என்பதால், முகமூடிக்குள் பொருத்தும் லென்ஸுக்கு வகுப்பு தொடங்கும் முன்பே கேட்டு வாங்குங்கள். 30 நிமிட சிலிண்டர் என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். ஓடியாடி வேலை செய்தால் அதற்கு வெகு முன்பே தீரும். அதனால்தான் மூன்றில் ஒரு பங்கு காற்று மிச்சம் இருக்கும்போதே அலாரம் அடிக்கும்படி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் மேடே அழைப்பு. உள்ளே மாட்டிக்கொண்டால் மூன்று முறை "மேடே" சொல்லி, எங்கே இருக்கிறேன், எந்த யூனிட், பெயர், என்ன வேலையாக வந்தேன், என்ன உதவி வேண்டும் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். முகமூடிக்குள்ளிருந்து பேசினால் யார் குரலும் குழறும். நம் உச்சரிப்பும் வேகமும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். காரில் தனியாகப் போகும்போது உரக்கச் சொல்லிப் பழகுங்கள். பக்கத்துக் கார்க்காரன் பார்த்தால் பார்க்கட்டும்.

இனி இரண்டாவது படி. அதன் பாடத்திட்டத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பாதி வேலை பேசுவதும் எழுதுவதும்தான். முதலில் போய்ச் சேர்ந்தவர் நீங்கள் என்றால் கமாண்டை ஏற்று, அடுத்து வரும் ஆஃபீசரிடம் நிலைமையைச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். சம்பவ அறிக்கை எழுத வேண்டும். ஹோஸ்களின் வருடாந்திரச் சோதனையைச் செய்து பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஒரு வீட்டைச் சுற்றிப் பார்த்துத் தீப் பாதுகாப்புக் குறைகளைச் சொல்ல வேண்டும்.

இந்த வீட்டு ஆய்வை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தாளிக்கும்போதெல்லாம் கத்துகிறது என்று ஸ்மோக் அலாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்திருக்கும் தமிழ் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அடுப்பிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி மாட்டினால் தொல்லை குறையும், 10 வருடம் ஆன அலாரத்தை மாற்ற வேண்டும். பூஜை அறை விளக்கை ஏற்றிவிட்டுக் கடைக்குப் போகக் கூடாது. இதையெல்லாம் மனம் நோகாமல் ஒரு மாமியிடம் சொல்லத் தெரிந்தால் தேர்வு ஒன்றுமே இல்லை.

கைவேலையும் இருக்கிறது. எரியும் கேஸ் சிலிண்டர் பயிற்சிதான் எனக்குப் பிடித்தது. இரண்டு ஹோஸ் குழுக்கள் தண்ணீரைக் குடை போல விரித்துக்கொண்டு அருகருகே அடி வைத்து நெருங்கும். நடுவில் இருப்பவர் வால்வை மூடுவார். தீயை முதலில் அணைத்துவிட்டால் கசியும் கேஸ் சேர்ந்து வெடிக்கும், ஆகவே வால்வு மூடித்தான் தீ அணைய வேண்டும். திரும்பி வரும்போதும் முதுகைக் காட்டாமல் பின்னோக்கியே நடக்க வேண்டும். குழுவை நடத்துபவரின் குரல் ஒன்றுதான் கேட்க வேண்டும், அந்தக் குரல் உங்களுடையதா என்பதைத்தான் பரிசோதகர் பார்க்கிறார்.

பெட்ரோல் தீக்கு நுரை அடிப்பதும் இந்தப் படியில்தான். நேராக அடித்தால் எரிபொருள் சிதறும். சுவரில் அடித்து வழிய விட வேண்டும், அல்லது முன் தரையில் அடித்து உருட்டிவிட வேண்டும், அல்லது மேலிருந்து மழையாக விழவைக்க வேண்டும். எத்தனால் கலந்த எரிபொருளுக்கு ஆல்கஹால் தாங்கும் நுரைதான் நிற்கும்.

விபத்தில் நசுங்கிய காரிலிருந்து ஆளை எடுப்பது அடுத்தது. முதலில் காரைக் கட்டைகள் வைத்து அசையாமல் நிறுத்த வேண்டும், பேட்டரி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். விரியாத ஏர்பேக்கிலிருந்து எவ்வளவு தள்ளி இருப்பது என்பதற்கு 5-10-20 என்று ஒரு கணக்கு: பக்கவாட்டில் 5 அங்குலம், ஸ்டீரிங்கில் 10, பயணி பக்கம் 20. இந்த எண்களைத் தேர்வில் விட்டுவிட்டு வந்தவர்கள் நிறைய.

தீ எப்படிப் பிடித்தது என்ற தடயத்தைக் காப்பதும் இரண்டாவது படியின் பொறுப்பு. தீ தொடங்கியதாகத் தோன்றும் இடத்தை அள்ளிக் கொட்டாமல், விசாரணை ஆள் வரும்வரை ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும். எல்லாரும் கிளம்பிப் போய்விட்டால் மறுபடி உள்ளே நுழைந்து தேடப் பெரும்பாலும் நீதிமன்ற வாரண்ட்டோ வீட்டுக்காரர் சம்மதமோ தேவைப்படும். மிச்சிகன் எதிர் டைலர் வழக்கில் 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த வழி அது.

ஏன் இடைவெளி விடச் சொல்கிறேன் என்பது இப்போது புரியும். ஒரு குழுவை நடத்துவதையோ அறிக்கை எழுதுவதையோ வகுப்பில் மட்டும் கேட்டவருக்கு அது மனப்பாடம். நிஜ அழைப்புகளுக்குப் போய், நல்ல ஆஃபீசர் ரேடியோவில் எவ்வளவு குறைவாகப் பேசுகிறார் என்று கவனித்தவருக்கு பாடம் தானாகப் பிடிபடும். சம்பள வேலைக்குக் குறி வைப்பவர் மட்டும் இரண்டையும் சேர்த்துத் தரும் அகாடமியில் முடித்துவிடலாம், விண்ணப்பத்தில் கேட்கும் இடங்கள் நிறைய. அவர்களில் பலருக்கு சிபேட் என்ற உடல் தேர்வும் உண்டு: 50 பவுண்டு கவசத்தோடு எட்டு வேலைகள், 10 நிமிடம் 20 விநாடி. அது வேலைக்கான தேர்வு. சான்றிதழ் அதில் வராது.

இரண்டு படிக்கும் எழுத்துத் தேர்வும் செய்முறையும் உண்டு. பயிற்சி அறையில் ஒரே வேலையை அழகாகச் செய்வதைவிட எல்லா வேலையையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யப் பழகுங்கள். செய்முறைத் தேர்வில் எந்த வேலை உங்களுக்கு விழும் என்று முன்கூட்டித் தெரியாது.

பணம் கட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள்: சான்றிதழில் ப்ரோ போர்டு அல்லது இஃப்சாக் என்ற அங்கீகார அமைப்பின் முத்திரை வருமா? வகுப்பு முடித்த தாளும் முத்திரையுள்ள சான்றிதழும் ஒன்றல்ல. வேறு மாநிலத்துக்கு மாறும்போது முத்திரைதான் கைகொடுக்கும். டெக்சஸ் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே 'பேசிக்' என்பதற்குள்ளேயே இந்த இரண்டு படிகளும் அடங்கிவிடும். 'அட்வான்ஸ்ட்' என்று அவர்கள் சொல்வது பல வருட அனுபவத்தையும் மேற்படிப்பையும் கணக்கிட்டுத் தரும் வேறொரு படி. ஃபயர்ஃபைட்டர் இரண்டை வைத்துக்கொண்டு அதற்கு விண்ணப்பித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.