வாய்க்கால் தண்ணி நல்லாருக்கான்னு பூச்சியை வச்சுப் பாக்குறது எப்படி?

மேட்டூர் தொறந்து தண்ணி கல்லணை தாண்டி வெண்ணாறு, அரசலாறு, குடமுருட்டின்னு பிரிஞ்சு நம்ம ஊர் வாய்க்காலுக்கு வந்தா எல்லாரும் கேக்குறது தண்ணி எவ்ளோ வருதுன்னுதான், அதுக்குள்ள என்ன உசுரோட இருக்குன்னு குனிஞ்சு பாக்குறவங்க ரொம்பக் கம்மி. லேபுக்கு ஒரு பாட்டில் தண்ணி எடுத்துட்டுப் போனா அந்த நேரத்து நிலைமைதான் தெரியும், ராத்திரி யாராவது கழிவைத் தொறந்துவிட்டு காலையில தண்ணி தெளிஞ்சிருந்தா அது சிக்காது. ஆனா அடியில மாசக்கணக்கா கெடக்குற தட்டான் குஞ்சு, மட்டி, புழு இதெல்லாம் எங்கயும் தப்பிச்சுப் போக முடியாதுல்ல, அதனால யாரு மிச்சம் இருக்காங்கன்னு பாத்தாலே நெறைய தெரிஞ்சிடும்.

வேணுங்குறது: ஒரு பழைய மாவு சல்லடை, அதைக் கட்ட ஒரு மூங்கில் கழி, வெள்ளை பேசின், ஸ்பூன், சின்ன பெயிண்ட் பிரஷ், போன்.

ஸ்டெப் 1: இடம். ஒரே வாய்க்கால்ல ரெண்டு இடம் எடுங்க, சாக்கடை கலக்குறதுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. காஞ்சு கெடந்த வாய்க்கால்ல தண்ணி வந்த உடனே போகாதீங்க, பூச்சிங்க திரும்ப வந்து குடியேற சில வாரம் ஆகும். மதகு வாயில இறங்கவே கூடாது, இழுப்பு பயங்கரமா இருக்கும். முழங்கால் தண்ணி போதும், கோரைக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடி கழியால தட்டிக்குங்க, பாம்பு இருக்கும்.

ஸ்டெப் 2: பிடிக்கிறது. சல்லடையோட வாய் தண்ணி வர்ற பக்கம் பாக்கணும், சல்லடைக்கு நேர் முன்னாடி இருக்குற அடி மண்ணை காலால கலக்குங்க, கிளம்புறதெல்லாம் சல்லடைக்குள்ள வந்துடும். நம்ம பக்கம் கூழாங்கல் கெடையாது, சேறும் மணலும்தான், அதனால கரையோரப் பாசி, ஆகாயத்தாமரை வேர் இதையும் சல்லடை மேல வச்சு நல்லா உதறுங்க. ரெண்டு இடத்துலயும் ஒரே அளவு நேரம், 3 நிமிஷம்னு வச்சுக்குங்க.

ஸ்டெப் 3: பேசின்ல தெளிஞ்ச தண்ணி ஊத்தி கொட்டிட்டு சும்மா இருங்க. கொஞ்ச நேரத்துல குப்பைன்னு நெனச்சது நகர ஆரம்பிக்கும்.

ஸ்டெப் 4: யாரு யாருன்னு பாக்குறது. இங்கதான் பொறுமை வேணும். முதல்ல கேக்க வேண்டிய கேள்வி, இது எங்கேர்ந்து மூச்சு விடுது? கொசுப்புழு, நீர்த்தேள் ரெண்டும் வால் பக்கத்துக் குழாயை மேல நீட்டி காத்துலேர்ந்து மூச்சு விடும், அதனால தண்ணியில ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாட்டியும் அதுங்களுக்குக் கவலையில்ல, அதை வச்சு முடிவு பண்ணாதீங்க. தண்ணிக்குள்ளேயே மூச்சு விடுற ஆளுங்கதான் நமக்கு முக்கியம். மேஃப்ளைங்குற சின்னப் பூச்சியோட குஞ்சுக்கு வால்ல பெரும்பாலும் மூணு முடி மாதிரி இருக்கும், வயித்து ரெண்டு பக்கமும் செவுள் படபடன்னு அடிச்சுக்கிட்டே இருக்கும். ஊசித்தட்டான் குஞ்சுக்கும் வால்ல மூணு உண்டு, ஆனா அது இலை மாதிரி தட்டையா இருக்கும், வயித்தோரம் எதுவும் அடிக்காது. இது ரெண்டையும் ஆரம்பத்துல எல்லாரும் குழப்பிப்பாங்க. பெரிய தட்டான் குஞ்சு குண்டா இருக்கும், பின்னாடி வழியா தண்ணியை இழுத்து மூச்சு விட்டு அதே தண்ணியைப் பீச்சி முன்னாடி பாயும், கீழ் உதட்டை கை மாதிரி நீட்டி கொசுப்புழுவைப் பிடிக்கிறதையும் பேசின்லயே பாக்கலாம்.

நத்தை பாசியைச் சுரண்டித் தின்னும், மட்டி தண்ணியை வடிகட்டும், நண்டு அழுகுன இலையைக் கிழிச்சுத் தின்னும். இதுங்களைத் தின்னுதான் கெண்டையும் கெளுத்தியும் வளருது, கொக்கும் நாரையும் வருது.

ஸ்டெப் 5: கணக்கு. எத்தனை பூச்சிங்குறதை விட எத்தனை வகைங்குறதை எழுதுங்க. மேல மேஃப்ளை, தட்டான், மட்டி, இறால்னு கலந்து இருந்து, கீழ செகப்புப் புழு மட்டும் கூட்டமா இருந்தா நடுவுல கழிவு கலக்குதுன்னு சந்தேகப்பட நல்ல காரணம் இருக்கு. அந்தப் புழு செகப்பா இருக்குறது ஹீமோகுளோபினால, ஆக்சிஜன் கம்மியா இருக்குற சேத்துலயும் அதை வச்சு தாக்குப்பிடிக்கும். நல்ல தண்ணியிலயும் நாலஞ்சு இருக்கும், அதுக்காகப் பயப்பட வேணாம், மத்த எல்லாம் போயி அது மட்டும் மிஞ்சுறதுதான் விஷயம். எந்தப் பூச்சி இருந்தா தண்ணி நல்லாருக்குன்னு சொல்ற வெளிநாட்டு சார்ட்ல ஸ்டோன்ஃப்ளைன்னு ஒண்ணு முதல்ல இருக்கும், அது குளிர்ந்து பாயுற மலை ஓடைப் பூச்சி, தஞ்சாவூர் திருவாரூர் பக்கம் அது இல்லைன்னா தண்ணி கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல.

போட்டோ எடுத்துட்டு எல்லாத்தையும் எடுத்த இடத்துலயே விட்டுடுங்க, எலிக்காய்ச்சல் வர வாய்ப்பு இருக்கு, காலு கையை சோப்பு போட்டுக் கழுவுங்க, புண்ணு இருந்தா தண்ணியில இறங்காதீங்க. அடுத்த மாசமும் அதே ரெண்டு இடத்துல எடுத்து, தேதி போட்டு, பக்கத்து வயல்ல மருந்து அடிச்சிருந்தா அதையும் சேத்து எழுதிக்குங்க.