மூடிப்போன கிராமத்து ரயில்வே ஸ்டேஷனோட வரலாற தோண்டி எடுக்கறது எப்படி

தமிழ்நாட்டுல இப்படி பாழடைஞ்சு கெடக்குற சின்ன ஸ்டேஷன் நிறைய மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத்துல போட்ட பழைய பாதை) காலத்துது. ஸ்டேஷன் பேர போட்டு கூகுள்ல தேடினா பெருசா எதுவும் சிக்காது, அதனால முதல்ல லைன புடிங்க, எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவுல, யார் போட்டதுன்னு. தெற்குப் பக்கம்னா பெரும்பாலும் சவுத் இந்தியன் ரயில்வே, அது 1951 ஏப்ரல் 14ல தான் மத்த ரெண்டு ரயில்வேயோட சேர்ந்து சதர்ன் ரயில்வே ஆச்சு. தஞ்சாவூர் பக்கம் கொஞ்சம் உஷாரா இருங்க, 1894ல வந்த மாயவரம் (இப்போ மயிலாடுதுறை) - முத்துப்பேட்டை லைன் ஜில்லா போர்டு, அதாவது அந்தக் காலத்து மாவட்ட நிர்வாக சபை, பணத்துல போட்டது, அந்த மாதிரி லைனுக்கு ரயில்வே பேப்பர மட்டும் நோண்டினா பத்தாது, எழும்பூர் ஆவணக் காப்பகத்துல ஜில்லா போர்டு கோப்பையும் கேக்கணும்.

லைன் தொறந்த வருஷத்தையே ஸ்டேஷன் தொறந்த வருஷம்னு எழுதிடாதீங்க. ஊர்க்காரங்க மனு மேல மனு போட்டு பின்னாடி வாங்கின ஹால்ட் (வண்டி நின்னு போற சின்ன நிறுத்தம்) எத்தனையோ இருக்கு. இதுக்கு பழைய டைம்டேபிள் தான் பெஸ்ட், அடுத்தடுத்த வருஷத்து புக்க பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தா எப்போ பேர் நுழைஞ்சுது, எப்போ காணாம போச்சுன்னு தெரிஞ்சிடும்.

அப்புறம் நேர்ல போங்க. வேலிக்கு நட்டிருக்கற பழைய தண்டவாளத்த பாருங்க, அதோட பக்கவாட்டுல துருவ தேச்சு விட்டா புடைப்பா எழுத்து தெரியும், உருக்கின கம்பெனி பேரும் வருஷமும். ஆனா அது தண்டவாளத்தோட வயசு தான், வேற எங்கயோ கழட்டி கொண்டாந்து நட்டிருப்பாங்க, சோ அத வெச்சு ஸ்டேஷனுக்கு ஜாதகம் எழுத முடியாது. இடம் இன்னும் ரயில்வே கையில இருந்தா பர்மிஷன் இல்லாம உள்ள போகாதீங்க, ரயில்வே சட்டம் 147வது பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் உள்ள தள்ளலாம். பாம்பும் இருக்கும்.

ரிட்டயர் ஆன கேங்மேன் (தண்டவாளத்த பராமரிச்சவர்), கேட்கீப்பர், ஸ்டேஷன் வாசல்ல டீக்கடை வெச்சிருந்தவங்க, இவங்க கிட்ட "எந்த வருஷம்?"னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. 77 புயலுக்கு முன்னாடியா பின்னாடியா, எம்ஜிஆர் செத்தப்போ வண்டி ஓடுச்சா, இப்படி கேளுங்க, டக்குனு வரும்.

மூடின தேதி தான் பெரிய தலைவலி, ஏன்னா கடைசி வண்டி போன நாள் வேற, ஆபீஸ் உத்தரவு வேற, தண்டவாளத்த புடுங்கினது வேற. 1992ல எல்லாத்தையும் ஒரே அகலத்துக்கு மாத்தற யூனிகேஜ் திட்டம் வந்தப்புறம் அகலப்பாதைக்காக நிறுத்தின லைன் எத்தனையோ, அதுல லைன் திரும்பி வந்தும் ஸ்டேஷன் திரும்பி வராத கதையும் உண்டு. மூணு தேதியையும் தனித்தனியா கேட்டு அந்த டிவிஷன் ஆபீசுக்கு ஒரு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுங்க, ஃபீஸ் 10 ரூபா தான், 30 நாள்ல பதில் தரணும். "மொத்த வரலாறும் குடுங்க"ன்னு மட்டும் எழுதிடாதீங்க, "தகவல் இல்லை"ன்னு ஒரே வரியில முடிச்சு விட்டுடுவாங்க.