வெட்டிவேர் எண்ணெயைத் தோலில் பூசும் முறை

கடலூர் கடலோரத்தில் வெட்டிவேர் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவள் நான். மணல் நிலத்தில் ஏறக்குறைய ஓராண்டு நின்ற பயிரைப் பெயர்த்து, வேரை அலசிக் காயவைத்து ஆலைக்கு அனுப்பினால், நீராவியில் ஒரு நாள் முழுக்க வடிக்க வேண்டியிருக்கும். 100 கிலோ காய்ந்த வேருக்கு ஒரு கிலோ எண்ணெய் கிடைத்தாலே நல்ல வேர் என்போம். இவ்வளவு பாடுபட்டு எடுத்த எண்ணெயைச் சிலர் அப்படியே முகத்தில் தேய்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்கும்போது மனம் பதறுகிறது.

முதலில், வாங்குவது எது என்று பாருங்கள். வேரைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்தும் 'வெட்டிவேர் எண்ணெய்' என்று விற்கிறார்கள். அதுவும் நல்லதுதான், நேரடியாகவே பூசலாம். நான் சொல்வது வடித்தெடுத்த எண்ணெய். லேபிளில் கிரைசோபோகன் ஜிஜானியாய்டிஸ் அல்லது பழைய பெயரான வெட்டிவேரியா ஜிஜானியாய்டிஸ் என்று இருக்கும். தேன்போல் கெட்டியாக, பழுப்பு நிறத்தில் இருக்கும். மழை நனைத்த மண்ணும் புகையும் சேர்ந்த வாசனை வரும்.

கெட்டியாக இருப்பதால் சொட்டு எளிதில் விழாது. அவசரப்பட்டு உலுக்கினால் நாலைந்து சொட்டுகள் ஒன்றாக விழுந்து அளவு கெட்டுவிடும். மூடியை இறுக்கி, குப்பியை வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் நிறுத்துங்கள். எண்ணெய் இளகியதும் குப்பியைச் சாய்த்துப் பொறுமையாகக் காத்திருந்தால் ஒவ்வொன்றாகச் சொட்டும்.

கை கால்களுக்கு 30 மில்லி நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ 6 சொட்டு போதும். முகத்துக்கு 3 சொட்டுக்கு மேல் வேண்டாம். பரு வரும் முகமென்றால் தேங்காய் எண்ணெயைத் தவிர்த்துவிடுங்கள், அது துளைகளை அடைக்கக்கூடும். கலந்தபின் குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். அடியில் பழுப்புக் கோடு தெரிந்தால் இன்னும் கலக்கவில்லை என்று பொருள்.

கலந்த எண்ணெயை முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சிவப்போ அரிப்போ வந்தால் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

பூச நல்ல நேரம் குளித்துத் துவட்டிய உடனே. ஈரம் முழுதும் காயாத தோலில் தேய்த்தால் எண்ணெய் அந்த ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். பனிக்காலத்தில் வறண்டு வெள்ளை கோடுபோடும் முழங்கால், வெடிக்கத் தொடங்கும் குதிகால் ஆகியவற்றுக்கு எங்கள் வீட்டில் இதைத்தான் தடவுகிறோம். மென்மை தருவதில் பெரும்பங்கு நல்லெண்ணெய்க்கோ தேங்காய் எண்ணெய்க்கோ உரியது. வெட்டிவேர் தருவது மனத்துக்கு இதமான, நெடுநேரம் நிற்கும் மணம். தோல் நிறத்தை மாற்றும், தழும்பை அழிக்கும் என்று சொல்லி விற்பவர்களை நம்பிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

குளிக்கும் வாளியில் சொட்டுவிடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். எண்ணெய் தண்ணீரில் கரையாது. கலப்பில்லாமலே தோலில் ஒட்டும். புண், வெட்டுக்காயம், கண்ணோரம் ஆகிய இடங்களில் பூசக் கூடாது. கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு பயன்படுத்துங்கள்.

வடித்த எண்ணெய் நிறக் கண்ணாடிக் குப்பியில், வெயில் படாத இடத்தில் நெடுநாள் இருக்கும். வைக்க வைக்க மணமும் கூடும். கலந்த எண்ணெய் அப்படியல்ல. சிறிதளவே கலந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். காறல் வாடை வந்தால் தோலில் பூசாமல் கொட்டிவிடுங்கள்.