மருந்தா, வெளிச்சமா? உயிருள்ள செல்களைக் கண்காணிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கல் முடிந்ததும் வேலூர் லேப்களில் ப்ராஜெக்ட் பிள்ளைகளின் நடமாட்டம் தொடங்கிவிடும். குடியாத்தம், ஆற்காடு, ஆம்பூர், திருப்பத்தூர் என்று நாலா பக்கமிருந்தும் பஸ் பிடித்து வருகிறார்கள். செல் கல்ச்சர் (செல்லை உடலுக்கு வெளியே வளர்ப்பது) கொஞ்சம் கைக்கு வந்ததும் எல்லோருக்கும் ஒரே ஆசை: மருந்து போட்ட செல் சாவதை வீடியோவாக எடுக்க வேண்டும்.

ஆசை நியாயமானதுதான். உயிரோடிருக்கும் செல்லின் அளவை நிறத்தால் காட்டும் எம்.டி.டி. சோதனை 48 மணி நேரம் கழித்து ஒரே ஒரு எண்ணைக் கொடுக்கும். செல் எப்போது சுருங்கியது, செத்ததா அல்லது பிரிவதை மட்டும் நிறுத்தியதா, தப்பியவை மறுபடி வளர்ந்தனவா என்பதெல்லாம் அந்த எண்ணில் தெரியாது. புற்றுநோய்க்கு மருந்து தேடுகிறவர்களுக்கு, வளர்ச்சியை நிறுத்தும் பொருளும் செல்லைக் கொல்லும் பொருளும் ஒன்றல்ல. செல் வளரும் சின்னக் குழிகள் (வெல்கள்) கொண்ட ப்ளேட்டை 37 டிகிரியிலேயே வைத்து மணிக்கொரு படம் எடுத்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரிந்துவிடும்.

ஆனால் நாங்கள் பழகிய காலத்தில் நடந்த தவறுகளே இவர்கள் கையிலும் வரிசை மாறாமல் நடக்கின்றன. க்ளவுஸ் போடுங்கள், கிருமி படாமல் வேலை செய்யும் ஹூட்டை ஸ்பிரிட்டால் துடையுங்கள், சிலிண்டரில் கேஸ் இருக்கிறதா பாருங்கள் என்பதெல்லாம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன். புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துபோகிற, லேப்பில் மாதக்கணக்கைத் தின்கிற விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

கடன் வாங்கிய செல்

பக்கத்து லேப்பிலிருந்து ஃப்ளாஸ்க்கை வாங்கி வந்து, மூடியில் எழுதியிருக்கும் பெயரை அப்படியே நம்பிவிடுகிறார்கள். எம்.டி.ஏ-எம்.பி-435 என்ற செல்லைப் பல ஆண்டுகள் மார்பகப் புற்றுநோய் செல் என்று நம்பி உலகம் முழுக்க ஆய்வு செய்தார்கள். மரபணுவைச் சோதித்தபோது, அது எம்14 என்ற மெலனோமா செல் என்று தெரிந்தது. புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து கைடு மூலமாக வாங்குங்கள். பழைய ஸ்டாக் என்றால், செல்லின் அடையாளத்தை டி.என்.ஏ.வை வைத்து உறுதிசெய்யும் எஸ்.டி.ஆர். ப்ரொஃபைல் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

மைக்கோபிளாஸ்மா

செல்களோடு சேர்ந்து வளரும், செல்சுவர் இல்லாத பாக்டீரியா இது. மீடியா (செல் வளரும் திரவம்) கலங்காது, பென்சிலினும் கேட்காது. பி.சி.ஆர். போட்டுப் பாருங்கள்.

வெளிச்சம்

இதைப் பற்றித்தான் எனக்கு ஆற்றாமை. எத்தனை பேருக்குச் சொன்னாலும் அடுத்த வருடம் புதிதாக வருகிறவர் இதையேதான் செய்கிறார்.

குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி, எம்.சி.எஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய் செல்லில் மஞ்சளின் குர்குமினைப் போட்டுக் கண்காணித்தான். உட்கருவுக்கு ஹோயெக்ஸ்ட் சாயம், சாகும் செல்லைக் காட்டப் பச்சை நிறக் காஸ்பேஸ் சாயம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம், ஒவ்வொரு முறையும் புற ஊதாவும் நீலமுமாக இரண்டு ஃப்ளாஷ். மறுநாள் காலையில் ஓடி வந்தான். "அக்கா, பத்து மணி நேரத்துல எல்லாம் செத்துப்போச்சு அக்கா! கன்ட்ரோல் அப்படியே நல்லா இருக்குது!"

"ஸ்டேஜைக் கொஞ்சம் நகர்த்துப்பா" என்றேன்.

அதே வெல், அதே குர்குமின். படம் எடுத்த பகுதிக்கு வெளியே ஜாய்ஸ்டிக்கை மெதுவாகத் தள்ளினான். திரையின் நடுவில் ஒரு எல்லைக்கோடு வந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் செல்கள் உருண்டு, கொப்புளம் கொப்புளமாகத் தரையை விட்டுக் கழன்றுகொண்டிருந்தன. அந்தப் பக்கம் தட்டையாக, விளிம்போடு விளிம்பு ஒட்டிக்கொண்டு, சௌக்கியமாக இருந்தன. நடுவில் ஒன்றிரண்டு செல்கள் இரண்டும்கெட்டானாக நின்றன. மீடியா எல்லாச் செல்லுக்கும் பொது, மருந்தும் பொது. லென்ஸ் வழியாக விழுந்த வெளிச்சம் மட்டும்தான் வேறு.

இந்தத் தவறு பிடிபடாமல் போவதற்குக் காரணம், மருந்து போடாத கன்ட்ரோல் வெல்லிலும் அதே வெளிச்சம் விழுந்திருக்கிறது, அங்கே செல் சாகவில்லை. ஆகவே மருந்துதான் கொன்றது என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. நடந்தது இரண்டும் சேர்ந்த வேலை. மஞ்சள் கறை பட்ட துணியை வெயிலில் காயப்போட்டால் கறை போய்விடும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். குர்குமின் வெளிச்சத்தை உறிஞ்சுகிறது, அதில் தானும் சிதைகிறது. அதன் உறிஞ்சும் உச்சம் 425 நானோமீட்டர் பக்கம் இருக்கிறது. மைக்ரோஸ்கோப்பின் நீல வெளிச்சமும் அதன் எல்லைக்குள்தான் வருகிறது. உறிஞ்சிய ஆற்றலைப் பக்கத்திலிருக்கும் ஆக்ஸிஜனுக்குக் கைமாற்றிவிட்டால், அது செல்லின் சவ்வையும் புரதத்தையும் அரிக்கும் வகையாக மாறிவிடுகிறது. போதாததற்கு, குர்குமின் தானே பச்சையாக ஒளிரும். காஸ்பேஸ் சாயம் ஏறுகிறது என்று அந்தத் தம்பி நினைத்ததில் ஒரு பங்கு வெறும் மஞ்சள்.

குர்குமின் மட்டுமில்லை. நம் பிள்ளைகள் கொண்டுவருவதில் பாதி இலைச் சாறு: வேப்பிலை, நிலவேம்பு, முருங்கை. எத்தனாலில் எடுத்த சாறு பச்சையாக இருக்கிறது என்றால் உள்ளே பச்சையம் இருக்கிறது. அதுவும் வெளிச்சத்தை வாங்கி இதே வேலையைச் செய்யும். அப்புறம் சிவப்பில் ஒளிர்ந்து, செத்த செல்லைக் காட்டும் புரோப்பிடியம் அயோடைடு போலவே கணக்கில் ஏறும். மருந்தே இல்லாவிட்டாலும் மீடியாவில் ரைபோஃபிளேவின் இருக்கிறது. நீல வெளிச்சம் பட்டால் அது ஹைட்ரஜன் பெராக்ஸைடை உண்டாக்கும், அமிலத்தன்மையைச் சீராக வைக்க ஹெப்பெஸ் சேர்த்த மீடியாவில் இன்னும் கூடுதலாக. ஹோயெக்ஸ்ட் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்ளும் சாயம், அதன் மேல் புற ஊதாவைத் திரும்பத் திரும்ப அடிப்பது டி.என்.ஏ. மேலேயே அடிப்பதுதான்.

இதில் ஒரு ப்ளேட் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் ஓரிடத்தில் இப்படி வந்த ரிசல்ட்டை நம்பி எலிப் பரிசோதனை வரை போனார்கள். எலியின் வயிற்றுக்குள் நீல வெளிச்சம் ஏது? ஒன்றும் நடக்கவில்லை. எலிகளும் போயின, அந்த ஆய்வைச் செய்த பெண்ணின் ஒன்றரை வருடமும் போனது. இருட்டில் ஒரு வெல் வைத்திருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும் என்று சொன்னதற்கு, எல்லோரும் இப்படித்தானே செய்கிறார்கள் என்று பதில் வந்தது. மருந்துக்காக மேற்கு வங்கத்திலிருந்து ரயிலேறி வந்து காந்தி ரோடு லாட்ஜ்களில் மாதக்கணக்கில் தங்கியிருப்பவர்களை இந்த ஊரில் தினமும் பார்க்கிறோம். அவர்களை நினைத்தால் எனக்கு அந்தப் பதில் பொறுக்கவில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? நான்கு வகை வெல்கள் வேண்டும்: மருந்தும் வெளிச்சமும், மருந்து மட்டும், வெளிச்சம் மட்டும், இரண்டும் இல்லாதது. இருட்டு வெல்களைத் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் சாயம் தேவைப்படாத சாதாரண ஃபேஸ் கான்ட்ராஸ்டில் படம் எடுங்கள். மருந்து இருட்டிலும் கொன்றால் மகிழ்ச்சி, மேலே போங்கள். வெளிச்சத்தில் மட்டும் கொல்கிறது என்றால் அதுவும் வீணில்லை. வெளிச்சம் பட்டால் மட்டும் வேலை செய்யும் மருந்தைக் கொடுத்துக் கட்டியின் மேல் லேசர் காட்டும் சிகிச்சை மருத்துவத்தில் இருக்கிறது. அப்படியானால் அதை அப்படியே எழுதுங்கள், சாதாரண மருந்து என்று எழுதாதீர்கள்.

வெளிச்சத்தையும் குறைக்க வேண்டும். படம் அழகாக இருக்க வேண்டும் என்று எக்ஸ்போஷரை ஏற்றுகிறார்கள். செல்லை எண்ணுவதற்குப் புள்ளி புள்ளியான மங்கல் படமே போதும். கேமராவில் பக்கத்துப் பிக்சல்களைச் சேர்த்துப் படிக்கும் பின்னிங் வையுங்கள், சாயத்தின் அளவைக் குறையுங்கள், முடிந்தால் சிவப்புப் பக்கம் ஒளிரும் சாயத்துக்கு மாறுங்கள். ஃபோகஸ் தேடும் வேலையை ஃப்ளோரசன்ஸில் (சாயத்தை ஒளிரவைத்துப் பார்க்கும் முறையில்) செய்யவே கூடாது. ஆட்டோஃபோகஸ் ஒரு படத்துக்காகப் பத்துப் பதினைந்து தடவை ஃப்ளாஷ் அடித்திருக்கும், அது உங்கள் கணக்கில் வராது. இரண்டு நாள் ஓடும் சோதனைக்கு ஐந்து நிமிட இடைவெளி எதற்கு? மணிக்கொன்று போதும்.

வெளிச்சம் அதிகமா என்று கண்டுபிடிக்க, செல் சாகும்வரை காத்திருக்க வேண்டாம். பிரியும் செல்லைக் கவனியுங்கள். ஹீலா என்ற புற்றுநோய் செல் உருண்டையாகி இரண்டாகப் பிரிய ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுக்கும். மருந்து போடாத, வெளிச்சம் மட்டும் பட்ட வெல்லில் அது இரண்டு மூன்று மணி நேரம் உருண்டையாகவே திணறிக்கொண்டிருந்தால், ஒரு செல்கூடச் சாகாவிட்டாலும் உங்கள் வெளிச்சம் அதிகம். இதைப் பார்க்க மட்டும் இடைவெளியைப் பத்து நிமிடமாக்குங்கள், அதையும் ஃபேஸ் கான்ட்ராஸ்டிலேயே எடுங்கள்.

வெளிச்சமே வேண்டாம் என்றால்

அடியில் தங்க எலக்ட்ரோடு பதித்த ப்ளேட்டுகள் இருக்கின்றன. செல் ஒட்ட ஒட்ட மின்தடை கூடும், கழன்றால் குறையும். சாயமும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். ஆனால் பிரிவதற்காக உருளும் செல்லும் சாவதற்காக உருளும் செல்லும் அதற்கு ஒன்றுதான். அதை மட்டும் வைத்துச் செத்தது என்று எழுதக் கூடாது.

டி.எம்.எஸ்.ஓ.

மருந்தைக் கரைக்கும் திரவம் இது. எல்லா வெல்லிலும் ஒரே அளவு. கன்ட்ரோலிலும்தான்.

வேலூர் வெயில்

செல் வளர்க்கும் இன்குபேட்டர் சூடாக்கும், குளிர வைக்காது. பலருக்கு இது உறைப்பதே இல்லை. மைக்ரோஸ்கோப் மேல் பொருத்தும் சின்ன அறையும் அப்படித்தான்: வெளியே 25 டிகிரி பக்கம் இருந்தால்தான் அது 37-ஐ ஒழுங்காகப் பிடிக்கும். அக்னி நட்சத்திரத்தில் இங்கே 40-ஐத் தாண்டுகிறது. கரண்ட் போய் ஜெனரேட்டர் வருகிறது, மைக்ரோஸ்கோப் ஓடுகிறது, ஏசி மட்டும் அந்த லைனில் இல்லை. நடுராத்திரியில் அறை மெல்லச் சூடேறி, செல் 39, 40 டிகிரியில் உட்கார்ந்திருக்கும். காலையில் நீங்கள் வரும்போது ஏசி ஓடிக்கொண்டிருக்கும், திரையில் 37 என்று காட்டும். சூட்டில் செல்லுக்குள் நடந்த மாற்றமெல்லாம் மருந்தின் கணக்கில் சேர்ந்துவிடும். ப்ளேட்டுக்குப் பக்கத்திலேயே, ராத்திரி முழுக்கப் பதிவு செய்யும் தெர்மாமீட்டர் ஒன்றை வையுங்கள். நீண்ட சோதனைகளை மார்ச்சுக்குள் முடித்துக்கொள்வது இன்னும் நல்லது.

ஏசி காற்று நேராக ஸ்டேஜ் மேல் அடித்தாலும் ஃபோகஸ் ஓடிவிடும். ப்ளேட்டை வைத்தவுடன் படம் எடுக்கத் தொடங்காமல், அரை மணி நேரமாவது விடுங்கள். மூடியில் படிந்த ஈரமும் அதற்குள் போய்விடும்.

ஓர வெல்கள்

96 வெல் ப்ளேட்டின் ஓரத்தில் இருக்கும் 36 வெல்களிலும் மீடியா சீக்கிரம் வற்றும், உப்பு ஏறும், செல் வாடும். அங்கே வெறும் பி.பி.எஸ். (உப்புக் கரைசல்) ஊற்றி வையுங்கள். செல்லைப் போட்டவுடன் இன்குபேட்டருக்கு ஓடாமல், கால் மணி நேரம் ஹூட்டிலேயே அசையாமல் வைத்தால் செல் ஒரு பக்கமாக ஒதுங்காது.

தண்ணீர்த் தட்டு

ஈரப்பதத்துக்காக இன்குபேட்டருக்குள் வைக்கும் தட்டில் குழாய்த் தண்ணீர் கூடாது. ஆட்டோகிளேவ் செய்த டிஸ்டில்டு வாட்டர் மட்டும்.

சாஃப்ட்வேர் எண்ணுவதெல்லாம் செல் அல்ல

சாறு மீடியாவில் கரையாமல் துகளாக நின்றால் அதையும் செல்லாக எண்ணும். குமிழியையும் எண்ணும். செல் சாகாமல் சுருங்கினாலே பரப்பு குறைந்துவிட்டது என்று காட்டும். ஒவ்வொரு வெல்லிலும் இரண்டு மூன்று படங்களைக் கண்ணால் எண்ணி, சாஃப்ட்வேர் கொடுத்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செல்லே போடாமல் மீடியாவும் சாறும் மட்டும் ஊற்றிய ஒரு வெல்லும் வேண்டும். அதில் எண்ணிக்கை வந்தால் அவ்வளவும் துகள்.

அப்புறம், ஜேபெக் ஆக மாற்றி வைத்துக்கொண்டு மூலப் படங்களை அழித்துவிடாதீர்கள். ஜேபெக்கில் வெளிச்சத்தின் அளவு மாறிவிடும், பிறகு எதையும் அளக்க முடியாது. வைவாவில் எக்ஸ்போஷர் எவ்வளவு என்று கேட்டால் பதில் அந்த மூல ஃபைலில்தான் இருக்கும். இரண்டு நாள் ஓட்டம் பல ஜி.பி. வரும். பென்டிரைவ் போதாது, வரும்போதே ஹார்டு டிஸ்க் எடுத்துவாருங்கள்.