கிருஷ்ணகிரி அணையில் கட்லாவுக்கும் ரோகுவுக்கும் தூண்டிலிடும் முறை

கே.ஆர்.பி. டேம் என்று நம் பகுதியில் வழங்கும் கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத்தில் வளரும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் தென்பெண்ணையின் சொந்த மீன்கள் அல்ல. கங்கைச் சமவெளியின் ஆறுகளைச் சேர்ந்தவை. மழைவெள்ளம் பெருகி ஓடும் ஆற்றில் முட்டையிடும் இயல்புடைய இவை தேங்கிய நீரில் பொதுவாக இனம் பெருக்குவதில்லை என்பதால், பண்ணைகளில் தாய்மீனுக்கு ஊசி மருந்து செலுத்திப் பெற்ற குஞ்சுகளையே அணைகளில் விடுகிறார்கள். இம்முறையை 1957 ஜூலை 10 அன்று மீனியல் அறிஞர் ஹீராலால் சௌத்ரி வெற்றிகரமாகச் செய்து காட்டினார். தூண்டிற்காரர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு: இம்மீன்கள் குஞ்சுப் பருவத்தில் கடலைப் புண்ணாக்கும் தவிடும் தின்று வளர்ந்தவை, ஆகவே விலையுயர்ந்த வாசனைப் பொடிகளைத் தேடி அலைவதைவிட, செக்கில் கிடைக்கும் புதுப் புண்ணாக்கை நம்புவதே மேல்.

நீர்த்தேக்கங்களில் மீன்பிடி உரிமை குத்தகைக்கோ உரிமத்திற்கோ விடப்படுவது வழக்கமாதலால், மீன்துறை அலுவலகத்திலோ உரிமை பெற்றவர்களிடமோ அனுமதி கேட்ட பிறகே கரையில் உட்கார வேண்டும். ஒகேனக்கல்லை ஒட்டிய காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயப் பகுதியில் வனத்துறையின் அனுமதியின்றித் தூண்டில் போட எண்ணவே கூடாது.

எந்த மீனுக்கு எந்த ஆழம் என்பதை அதன் வாயே காட்டிவிடும். கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறப்பது. அது மேல்மட்ட நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்து உண்கிறது. ரோகுவின் வாய் சற்றே கீழ்நோக்கியது, உதடுகள் தடித்துச் சுருக்கம் உடையவை. அது நடுமட்டத்தில் பாசியையும் மட்கிய தாவரப் பொருளையும் மேய்கிறது. மிர்கால் அடிமண்ணைக் கிளறித் தின்னும். எனவே தக்கைக்கும் முள்ளுக்கும் இடையே எவ்வளவு தூண்டில் நரம்பு விடுவது என்பதை மீனை முடிவு செய்த பிறகே தீர்மானிக்க வேண்டும். பலர் செய்வதுபோல எல்லாவற்றிற்கும் ஈயக்குண்டை அடிக்கு இறக்கிவிட்டுக் கட்லா வரவில்லை என்று குறைப்படுவதில் பொருளில்லை.

கட்லா இரையைக் கடிப்பதைவிட உறிஞ்சுவதே அதிகம். ஆகையால் அதற்கு வைக்கும் இரை நீரில் மெல்லக் கரைந்து புகைபோலப் பரவ வேண்டும். புண்ணாக்கைத் தூளாக்கி வறுத்து, சம அளவு தவிடு சேர்த்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைந்தால், கையில் பிடித்தால் உருண்டையாகவும் அழுத்தினால் உதிரும்படியாகவும் ஒரு பதம் வரும். நீர் கூடினால் அது களியாகிவிடும். களி கட்லாவுக்கு உதவாது. இந்த மாவைச் சுருள் கம்பியின்மேல் எலுமிச்சை அளவுக்குப் பொதித்து, கம்பியிலிருந்து குட்டை நரம்புகளில் தொங்கும் சிறு முட்களை மாவுக்குள் செருகி, மேல்மட்டத்திலிருந்து நாலைந்து அடி ஆழத்தில் தக்கையால் நிறுத்த வேண்டும். மாவு கரையக் கரைய மீன் உறிஞ்சும்போது முள்ளும் வாய்க்குள் போய்விடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எறிவது மிக முக்கியம். இடம் மாற்றிக்கொண்டே இருப்பவரிடம் மீன் வந்து சேராது.

ரோகுவுக்கும் மிர்காலுக்கும் மேற்சொன்ன களிப்பதமே ஏற்றது. நம் வீடுகளில் கிண்டும் கேழ்வரகுக் களியைக் கெட்டியாக ஆறவைத்து, சிறிது புண்ணாக்குத் தூளுடன் பிசைந்து சுண்டைக்காய் அளவில் முள்ளில் வைத்தால் எளிதில் கழன்று போகாது. மண்புழுவும் வைக்கலாம், ஆனால் ஜிலேபி மீன்கள் முந்திக்கொண்டு அதைத் தின்றுவிடும், மதியம் வரை அவற்றைக் கழற்றுவதே வேலையாகும்.

தக்கை நடுங்கும்போது கோலை இழுக்கக் கூடாது. ரோகு முதலில் இரையை உதட்டால் சோதிக்கும். தக்கை சாய்ந்து நகர்ந்து மூழ்கத் தொடங்கும்போது மணிக்கட்டால் ஒரு சுண்டு சுண்டினால் போதும். கட்லாவின் வாய்த்தசை மெல்லியது. வேகமாக இழுத்தால் கிழிந்து மீன் போய்விடும். ரீலின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தி வைத்து, ஓடும்போது நரம்பை விட்டுக்கொடுத்து, களைத்த பிறகே கரைக்கு இழுக்க வேண்டும். கடைசி மூன்றடியில் நரம்பைப் பிடித்துத் தூக்காமல், கைப்பிடியுள்ள வலையை நீருக்குள் வைத்து மீனை அதன்மேல் நடத்திக் கொண்டுவருவதே முறை.

இரவெல்லாம் பாசியும் சுவாசிப்பதால், விடியும் நேரத்தில்தான் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். அப்போது மேலே வந்து வாய் பிளக்கும் மீன் இரையைத் தொடாது. வெயில் ஏறி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து அமர்வது நல்லது. மார்கழி, தை மாதங்களில் நீர் குளிர்ந்து கெண்டை இனமான இம்மீன்களின் பசி மந்தமாகிவிடும் என்பதால், நண்பகலை ஒட்டிய நேரமே பலன் தரும். கர்நாடகத்தில் மழை பெய்து புதுவெள்ளம் வரும் நாட்களில் மீன் கலங்கல் நீரின் ஓரத்தில் திரளும். ஆனால் மதகுகள் திறக்கும் அறிவிப்பு இருந்தால் அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் நிற்கவே கூடாது. நீர் வற்றும் கோடையில் வண்டல் சேறு இடுப்புவரை இழுக்கக்கூடியது. காய்ந்ததுபோல் தெரியும் மேல்தோலை நம்பி இறங்க வேண்டாம்.

இம்முறை பாரூர் ஏரிக்கும் பஞ்சப்பள்ளி சின்னாறு அணைக்கும் அப்படியே பொருந்தும். ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் கழிவு கலந்து நுரை பொங்கும் நாட்களில் பிடிக்கும் மீனைச் சமைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிடித்த மீனை வாளி நீரில் நாள் முழுதும் திணறவிடாமல், உடனே கொன்று செவுளை நீக்கி, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைக்க வேண்டும். வீடு தூரமாயின் பனிக்கட்டி அவசியம். உள்ளங்கை அளவு ரோகுவும் கட்லாவும் மாட்டினால், கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றி மெல்ல நீரில் விட்டுவிடலாம்.