அதிகாரிகள் சங்கத்தின் வரலாற்றைக் காப்பது எப்படி? மினிட் புத்தகத்தில் தொடங்குங்கள்

ராணுவ அதிகாரிகளின் தொழில்சார் சங்கம் ஒன்றின் வரலாற்றைத் தொகுக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால், முதலில் கைக்கு வருபவை பதக்கங்களும் போர்க்கதைகளும்தான். அவற்றைப் படைப்பிரிவு வரலாறுகள் பார்த்துக்கொள்ளும். ஓய்வூதியத்துக்கும் பயிற்சிக்கும் சங்கம் என்ன வாதாடியது என்பதற்கு மினிட் புத்தகமும் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பேடு) கணக்குப் பேரேடும் உறுப்பினர் பதிவேடும்தான் சாட்சி.

1. தேடல்

செயலாளர், பொருளாளர் பெயர்களை ஆண்டுவாரியாக எழுதுங்கள். அதிகாரிகளுக்கு இடமாற்றம் ஓயாது. கோப்புகளும் கூடவே ஊர் ஊராகப் போய், கடைசியில் யாரோ ஒருவர் வீட்டு ட்ரங்க் பெட்டியில் தங்கிவிடும். எந்த ஆண்டுப் புத்தகம் இல்லையோ, அந்த ஆண்டுச் செயலாளரின் குடும்பத்தைக் கேளுங்கள். தருவது நன்கொடையா, இரவலா என்பதை அன்றே எழுதி வாங்குங்கள்.

பழைய பெயர்களிலும் தேடுங்கள். அமெரிக்காவின் மிலிட்டரி ஆபீசர்ஸ் அசோசியேஷன் 1929-ல் ஓய்வுபெற்ற அதிகாரிகள் சங்கமாகத் தொடங்கியது. இன்றைய பெயர் 2003-ல் வந்தது. புதுப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் எழுபது ஆண்டுக் காகிதங்கள் கண்ணில் படாது.

2. ரகசியம்

ரகசியத் தாள்களைப் பிரித்தெடுப்பதை ஸ்கேனுக்கு முன்பே செய்யுங்கள். ரகசிய முத்திரை உள்ள தாள் வந்தால் நகல் வேண்டாம், கைபேசிப் படமும் வேண்டாம். உறையிலிட்டுப் பூட்டி, உரிய ராணுவ அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். எவ்வளவு பழையதாக இருந்தாலும் முத்திரையை நீக்கும் அதிகாரம் நமக்கில்லை. உறுப்பினர்களின் மருத்துவ, ஓய்வூதிய விவரங்களைத் தனிக் கோப்பாக ஒதுக்குங்கள்.

3. அடுக்குதல்

வந்த வரிசையைக் கலைக்காதீர்கள். ஒரு கடிதத்துக்கு அடுத்து என்ன இருந்தது என்பதும் ஒரு தகவல்தான். துருப்பிடித்த குண்டூசிகளை மெதுவாக எடுங்கள். செலோடேப், லேமினேஷன் இரண்டும் கூடாது. அமிலமற்ற உறை, வெயில் படாத அறை, 35 முதல் 50 சதவீத ஈரப்பதம் போதும். பழைய ஃபேக்ஸ் தாளில் எழுத்து மங்கிவிடும். அதை முதலில் நகலெடுங்கள்.

4. புகைப்படங்கள்

அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான். படத்தில் கேப்டனாக நிற்பவர் பின்னாளில் பிரிகேடியர் ஆகியிருப்பார். விவரம் சொல்பவரோ பிரிகேடியர் என்றே சொல்வார். படம் எடுத்த நாளில் இருந்த பதவியை எழுதுங்கள், பிந்தைய பதவியை அடைப்புக்குறிக்குள் சேருங்கள். தோளில் உள்ள பதவிச் சின்னத்தைப் பார்த்தால் படத்தின் காலத்தையும் ஓரளவு கணிக்கலாம். ஒரே பெயரில் இருவர் இருந்தால் சேவை எண்தான் பிரித்துக் காட்டும். அது உள்பதிவேட்டோடு நிற்கட்டும். படத்தின் பின்புறம் பேனா வேண்டாம், மென்மையான பென்சிலால் ஓரத்தில் ஒரு எண் மட்டும்.

5. ஸ்கேன்

ஆவணத்துக்கு 400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற அளவு), புகைப்படத்துக்கு 600, இரண்டும் டிஃப் (TIFF) என்ற படக் கோப்பாக. கோப்பின் பெயரை ஆண்டு-மாதம்-நாள் என்று தொடங்கினால் தானாகவே கால வரிசையில் நிற்கும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்றாவது வேறு கட்டடத்தில். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிட்டுத் தரும் ஷா-256 (SHA-256) சரிபார்ப்பு எண்ணையும் குறித்து வைத்தால், பின்னாளில் கோப்பு சிதைந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கலாம்.

6. வாய்மொழிப் பதிவு

வயதில் மூத்தவரிடம் முதலில் போங்கள். “உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் சார்” என்றால் போர்முனைக்குப் போய்விடுவார். மினிட் புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் காட்டி, “இந்தத் தீர்மானத்தை யார் எதிர்த்தார்கள் சார்? ஏன் தள்ளி வைத்தீர்கள்?” என்று கேளுங்கள். மினிட் புத்தகத்தில் ‘விவாதத்துக்குப் பின் ஏற்கப்பட்டது’ என்று ஒரே வரியில் முடிந்த கூட்டத்தில் யார் வெளிநடப்பு செய்தார் என்பது அப்போதுதான் வெளிவரும். பேச்சை வேவ் (WAV) என்ற ஒலிக்கோப்பு வடிவில் பதியுங்கள். எதை எப்போது வெளியிடலாம் என்று ஒப்புதல் படிவத்தில் அவர் கையெழுத்து இருக்கட்டும். சிலர் தம் காலத்துக்குப் பிறகே என்று எழுதுவார்கள், அதையும் அப்படியே மதியுங்கள்.