கோணேசர் மலைக் குரங்கு திருகோணமலைக் குரங்கு ஆகுமா?

வாழிடத்துக்கு வாழிடம் குரங்குகளின் மரபணு எப்படி வேறுபடுகிறது என்று பார்க்கக் கிளம்பும் மாணவர்களுக்குத் திருகோணமலையில் முதலில் தோன்றும் இடம் கோணேசர் கோயில்தான். படியேறினால் குரங்கு, நின்றால் மரபணு பார்க்கச் சாணமோ இரத்தமோ மாதிரியாகக் கிடைத்துவிடும். ஆய்வு கோணலாவதும் அங்கேதான்.

கோயில் குரங்கு தேங்காய்ச்சொட்டும் வாழைப்பழமும் தின்று மனிதரோடு வாழ்வது. அதைவிடப் பெரிய சிக்கல், அது எங்கிருந்து வந்தது என்பது. தோட்டத்தில் தொல்லை கொடுக்கும் குரங்குகளைக் கூண்டில் பிடித்து வேறு ஊர்க் காட்டோரத்தில் இறக்கிவிடுவது இலங்கையில் வழக்கமாக நடக்கிற வேலை. அப்படி இறக்கப்பட்ட ஆண் குரங்கு ஒன்று உள்ளூர்க் கூட்டத்தில் சேர்ந்து குட்டிகளுக்குத் தகப்பனாகிவிட்டால், ஆய்வுகூடம் காட்டும் வேறுபாட்டில் பாதி லொறியில் வந்ததாக இருக்கும். கன்னியா, கந்தளாய், சேருவில என மாவட்டத்தில் எங்கே மாதிரி எடுத்தாலும், குரங்கு கொண்டுவந்து விட்டார்களா என்று ஊராரிடம் முதலில் கேளுங்கள். பலர் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

அடுத்தது அளவுகோல் குழப்பம். நாம் பேசும் குரங்கு, சிங்களத்தில் ரிலவா எனப்படும் செம்பழுப்புக் குரங்கு, இலங்கைக்கு மட்டுமே உரிய இனம். அதில் உலர் வலயம், ஈர வலயம், உயர் மலைநாடு என்று மூன்று உப இனங்கள் சொல்லப்படுகின்றன. திருகோணமலையில் இருப்பது உலர் வலயத்து உப இனம். திரியாய்க் குரங்கையும் நுவரெலியாக் குரங்கையும் ஒப்பிட்டால் பார்ப்பது இரண்டு உப இனங்களை. திரியாயையும் மூதூரையும் ஒப்பிட்டால் ஒரே உப இனத்துக்குள் நடப்பதை. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு 'வாழிட வேறுபாடு' என்று தலைப்பிடுவது ஆய்வல்ல. மயிரின் நிறத்தையும் அடர்த்தியையும் மட்டும் பார்த்து 'மரபணுவே வேறு' என்று முடிவுகட்டுவதும் அதே வகைதான்.

எல்லாவற்றிலும் ஆழமான குழி, கலத்தின் இழைமணியில் (மைட்டோகொண்ட்ரியாவில்) இருக்கும் டி.என்.ஏ. எடுப்பது எளிது, செலவும் குறைவு. ஆகவே எல்லாரும் அதைத்தான் எடுக்கிறார்கள். அது தாய்வழியாக மட்டுமே வரும். இந்தக் குரங்கில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே காலம் முழுக்க இருந்துவிடும். ஆண்கள் பருவமடையும் வேளையில் வெளியேறி வேறு கூட்டம் தேடும். அதனால் அடுத்தடுத்த இரு கூட்டங்கள்கூடத் தாய்வழியில் வெகுதூரம் விலகி நிற்கலாம். பக்கத்து மாவட்டமான பொலன்னறுவையில் 1968 முதல் குரங்கு ஆய்வாளர் வொல்ப்காங் டிட்டஸ் தொடர்ந்து கவனித்துவந்த குரங்குகள் இதற்கு நல்ல சாட்சி. ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்ட இழைமணி வகைகள் அந்தச் சிறு பரப்புக்குள்ளேயே இருப்பதாக ஹோல்சர் என்ற ஆய்வாளரும் டிட்டஸ் உள்ளிட்டோரும் 1994இல் எழுதினார்கள். காடு ஒன்று, மழை ஒன்று, தாய்வழி வேறு வேறு. அங்கே ஒரு கூட்டம், நிலாவெளிக் கரையில் ஒரு கூட்டம் என்று எடுத்து இழைமணியை மட்டும் படித்தவர், 'கடற்கரை இவற்றை மாற்றிவிட்டது' என்று துணிந்து எழுதிவிடுவார். கலக்கருவில் உள்ள டி.என்.ஏ.யின் மைக்ரோசட்டலைட்டுகளையும் (திரும்பத் திரும்ப வரும் குறுந்துண்டுகள்), முடிந்தால் தந்தைவழியாக மட்டும் வரும் வை நிறமூர்த்தக் குறிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆண்கள் கொண்டுபோன மரபணு தெரியும்.

அந்த மைக்ரோசட்டலைட்டுகளையும் அளவுக்கு மீறிப் பேசவைக்கக் கூடாது. பெரும்பாலும் அவை எந்தப் பண்பையும் தீர்மானிப்பவை அல்ல. எவ்வளவு கலந்தன, எவ்வளவு பிரிந்தன என்று சொல்லும். வரட்சிக்குப் பழகிவிட்டனவா என்று சொல்லாது. ஆற்றின் மேல் பழிபோடுவதும் அப்படித்தான். கொட்டியாரக் குடாவில் விழும் மகாவலி குரங்குகளைப் பிரிக்கிறது என்று எழுதுமுன், வெறும் தூரமே அந்த வேறுபாட்டுக்குப் போதுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். குரங்குக்கு நீந்தவும் தெரியும்.

ஒரே கூட்டத்தில் இருபது மாதிரி எடுப்பது, ஒரு கல்யாண வீட்டில் இருபது பேரிடம் இரத்தம் எடுத்துவிட்டு 'மூதூர்ச் சனம் இதுதான்' என்பது போல. கூட்டத்துக்குச் சிலதாக, பல கூட்டங்களில் எடுங்கள்.

சாணம் எடுப்பவர்களுக்குச் சில சொல்: குடற்கலங்கள் மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கும், நடுவைத் தோண்டிப் பயனில்லை. இங்கத்தைய வெயிலில் டி.என்.ஏ. விரைவில் சிதையும், போட்டது கண்ட உடனே எதனோலில் இடுங்கள். சாம்பல் மந்தியும் அதே மரத்தில் இருக்கும் என்பதால், எது போட்டது என்பதைக் கண்ணால் பார்த்ததை மட்டும் எடுங்கள். சாணத்து டி.என்.ஏ.யில் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த ஒரு மரபணுவின் இரண்டு வடிவங்களில் (எதிருருக்களில்) ஒன்று அடிக்கடி தவறிப்போகும். ஒரே தடவை ஓட்டிய முடிவை நம்பினால் உள்ளினப்பெருக்கம் (நெருங்கிய உறவுக்குள் இனம் பெருகுவது) இல்லாத கூட்டத்துக்கும் அது இருப்பதாக வரும். ஒரே குரங்கின் இரண்டு சாணத்தை இரண்டு குரங்காக எண்ணிவிடுவதும் உண்டு.

வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி சாணத்துக்கு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முதல் மாதிரிக்கு முன்பே திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். மாதிரியை வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் அதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள்.